பின் டயருக்குக் காற்று

அக்காவுக்கு வாலு எழுதுவது.

நீயும் வயிற்றில் இருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை நீ படிக்கிறாய் என்றால் அப்பா மலையேறி வந்துவிட்டார். பாதி பயம் போச்சு. மீதி, நீங்கள் இறங்கும்போது. உனக்குக் கொடுத்துவிடும் பழைய நைட்டிக்குள் சுருட்டி, அவர் கையாலேயே இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது, வேறென்ன செய்ய?

பக்கத்து வீட்டு அம்மாவின் போனிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று நீ பேசிய அன்றைக்கு அப்பா காரணம் கேட்கவில்லை. அத்தான் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அப்புறம் உன் பேச்சையே எடுக்காத மனுஷன், நேராக வெளியே போய் டிரெய்லரைக் கழுவ ஆரம்பித்தார். கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுவந்துவிடலாம் என்றார். என்னிடம் இல்லை, டிரெய்லரிடம்.

டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியின் டயரெல்லாம் தேய்ந்து மொட்டை. நான் வேலை பார்க்கிற டயர் கடைக்கே வண்டியைக் கொண்டு வந்தார். முதலாளி இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று கார் டயர் மாதிரி, மெத்தென்று போகும். இன்னொன்று சுமை இழுக்கிற வண்டிக்கு, பக்கவாட்டில் நல்ல தடிமன். அப்பா மெத்தென்றதையே தடவிக்கொண்டு நின்றார். நான் சண்டை போட்டுத் தடித்ததை மாட்டினேன். காற்றும் நானே அடித்தேன், கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கிற அளவுக்கு. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கல் மேல் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார்.

இன்று காலை காற்று அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் பாதிக் காற்றுதான். ஆணி இல்லை, வால்வும் கசியவில்லை. கேட்டதற்குச் சொல்கிறார்: "நான்தான் இறக்கினேன். மாசமா இருக்கிற புள்ளைய குலுக்கிக்கிட்டு வரச் சொல்றியா? காலேஜ்ல இருந்து பாதியில ஓடி வந்தவ எனக்குக் காத்துப் பாடம் எடுக்கிறா."

நான் அடித்தேன். அவர் மறுபடி இறக்கினார்.

போன வாரம் இப்படிக் காற்று குறைத்து இழுத்த வண்டி ஒன்று எங்கள் கடைக்கு வந்தது. டயரின் பக்கவாட்டு கந்தல் துணி மாதிரி தொங்கியது. இறக்கத்தில் வெடித்து, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி, வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பிவிட்டதாம். ஓட்டினவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். அது அவருக்கே தெரியவில்லை. செருப்பில்லாத அந்தக் காலைத்தான் இப்போதெல்லாம் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். வரும்போது டிரெய்லர் காலி. இறங்கும்போது உன் குடித்தனமே பின்னால் உட்கார்ந்திருக்கும். முன்னால் நீ.

நைட்டிக்குக் கீழே கேஜ் வைத்திருக்கிறேன். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போதே பார்க்கச் சொல். பக்கத்தில் காற்று பிடிக்கிற இடத்தில் கதவில் போட்டிருக்கிற அளவுக்கு அடிக்கச் சொல். டிரெய்லர் டயரையும் பார். என் பேரை மட்டும் எடுக்காதே, வீம்புக்கே மாட்டேன் என்பார். நீயே அவர் முகத்தைப் பார்த்து, "குலுங்கினா பரவாயில்லப்பா" என்று சொல். அது போதும். 'அப்பா' என்கிற அந்த ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வராதா என்றுதான் மலையேறி வந்திருக்கிறார். காற்று அடிக்காமல் நீ வண்டியில் காலை வைக்கக் கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் கட்டிலுக்கு என் அறையில் ஜன்னல் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். மூன்று பேரும் வாசலில் வந்து இறங்குங்கள். உன்னைக் கட்டிப்பிடிக்கும் முன்னால் குனிந்து பின் டயரைத் தொட்டுப் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

வாசலிலேயே இருப்பேன்,
உன் வாலு