நின்ற தண்ணீருக்கு மைனஸ் மூன்று

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், சமையலறைக் குழாயின் கீழ் அளவுக் குவளையை வைத்து ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தேன். பதினொன்று. மறுபடியும் பார்த்தேன். பதினொன்று. நீ சிரிப்பாய். மனசு ஒரு நிலையில் இல்லாதபோது எனக்கு எதையாவது அளந்தாக வேண்டும்.

பேத்தி பால் குடிக்கிறாளா? பிள்ளை பெற்றவளைக் கொஞ்சம் தூங்க விடு. நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாய். போனில் பேசினால் மருமகன் காதில் விழும் என்றாய், அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆலையில் ஒரு மாதமாக பீர் நீர்த்து வருகிறது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். காய்ச்சும் பிரிவுக்குப் பொறுப்பு அத்தான். அவர் முளைகட்டிய பார்லி மால்ட்டில் விடும் வெந்நீரை அளக்கும் மீட்டருக்குப் பொறுப்பு நான். மேலாளர் எல்லாப் பிரிவினரையும் கூட்டி, எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

அத்தான் ஒரே பிடியாக, "தண்ணி அதிகமா விழுது. நாக்குலயே தெரியுது" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"போன மாசம்தான் சார் பூஜ்யம் வச்சேன். மீட்டர் சரியா இருக்கு."

"உன் மீட்டர் என்னிக்காவது பீர் குடிச்சுப் பாத்திருக்கா?" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலாளர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தானிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "எதுக்கு? தெரிஞ்சதத்தானே சொன்னே. சொந்தக்காரின்னு எனக்காகப் பொய் சொல்லியிருந்தா, அதுதான் வருத்தமா இருந்திருக்கும்" என்றார்.

தினமும் ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ கவலைப்படாதே.

உன்,
சொட்டு


மார்ச் 11

என் சொட்டுக்கு,

கவலைப்படாதே என்று எழுதினால் எனக்குக் கவலை வராதா? நல்ல ஆளடி நீ.

பேத்தி நன்றாக இருக்கிறாள். ராத்திரியெல்லாம் முழிப்பு, பகலெல்லாம் தூக்கம். அவள் அம்மா என்னைத் திட்டுகிறாள், நான் மருமகனை மனசுக்குள் திட்டுகிறேன். இப்படி வண்டி ஓடுகிறது.

உன் அத்தான் போனில், "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று தானாகவே சொல்கிறார். இருபத்தாறு வருஷமாக அவரோடு இருக்கிறேன். கேட்காமலே சாப்பிட்டேன் என்றால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். நேற்று மட்டும் மெதுவாக ஒன்று சொன்னார்: "நாக்கு செத்துப்போச்சோ என்னவோ." காபியில் கால் ஸ்பூன் சர்க்கரை கூடினால் டம்ளரைத் தள்ளிவைக்கிற மனுஷன், சொட்டு. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ படித்தவள், உனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மீட்டரை இன்னொரு தரம் பார்த்தால்தான் என்ன? நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். வால்வை மூடினேன், மீட்டர் பூஜ்யம் காட்டியது. மனசுக்குள் ஓர் அற்ப சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று மாலை ஃபிட்டர் அந்த வால்வின் ரப்பர் வளையத்தை மாற்றினார். "உள்ள நல்லா தேஞ்சிருக்கு மேடம். மூடினாலும் கசிஞ்சிட்டுத்தான் இருந்திருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"தொட்டிக்குள்ளதானே போகுது, யாரு பாத்தா? வால்வு வந்து லீவு லெட்டரா குடுக்கும்?"

அவர் போனபின் வால்வை மூடி மீட்டரைப் பார்த்தேன். நின்ற தண்ணீருக்கு மைனஸ் மூன்று காட்டியது. நிமிஷத்துக்கு மூன்று லிட்டர்.

பூஜ்யம் வைக்கும்போது குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், அக்கா. போன மாதம் வால்வை மூடினேன், நின்றுவிட்டது என்று நம்பினேன், பொத்தானை அமுக்கினேன். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மூன்று லிட்டரை ஒன்றுமில்லை என்று மீட்டருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து நூறு ஓடினால் அது தொண்ணூற்றேழு என்றது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அரை மணிக்கு மேல் தண்ணீர் விடுவார்கள்; தொண்ணூறு லிட்டருக்கு மேல் கூடுதல் தண்ணீர். அத்தானின் நாக்கு அதைத்தான் சொன்னது.

நேற்று காலையே மேலாளர் அவரிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்டுவிட்டார். நாளை பத்து மணிக்குக் கையெழுத்து. விருப்பமாம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். நேற்று மாலை ஃபிட்டர் போனபின் என் விரல் பொத்தான்மேல் இருந்தது. ஒரே அமுக்கு, மீட்டர் சரியாகிவிடும், தப்பு இருந்த தடமே தெரியாது. நாளை முதல் பீர் பழையபடி வரும். அவர் போனார், எல்லாம் சரியாயிற்று என்பார்கள். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதுவும் அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விரலை உடனே எடுக்கவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தத் தொழிலில் எல்லா ஆலைக்காரர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியும். இங்கே அனுப்பினால் வேறெங்கும் எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் மீட்டர் பெட்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை ஒன்பதரைக்கு மேலாளரையும் ஃபிட்டரையும் அத்தானையும் அதன் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, வால்வை மூடிக் காட்டப் போகிறேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவைத்திருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாப்பாடு கொடுக்கப் போனபோது வாய்வரை வந்தது. அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "விடு, உனக்கு இன்னும் வேலை பாக்குற வயசிருக்கு" என்று தடுத்துவிடுவார். அவர் சொன்னால் நான் கேட்டுவிடுவேன், அந்தப் பயம்தான்.

நீயும் ஒருவேளை தடுப்பாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும்.

உன்,
சொட்டு