ரோபோவுக்கு உதடு கிடையாது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை ஸ்டூடியோவில், நான் வீட்டில். நனைந்துகொண்டே காக்ஸ் டவுன் ஸ்டூடியோவுக்கு.

புது வேலை. கன்னடப் படம், தமிழ் டப்பிங். வசனமும் நான், ரோபோவுக்குக் குரலும் நான். ஸ்டெல்லா மேடம் முன்கூட்டியே எச்சரித்தார்: "மாலு, சிரிக்காம பாக்கணும், சரியா? பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க." ஸ்டூடியோ அவருடையது. தன் வீட்டு மாடியில் நடத்துகிறார், அதனால் எல்லாரையும் விருந்தாளி மாதிரியே நடத்துவார்.

சிரிக்காமல் எப்படி? படத்தின் பெயர் 'உக்கின ஹெண்டத்தி'. தமிழில் 'இரும்புப் பெண்டாட்டி'. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி வீட்டுவேலைக்குப் பெண் ரோபோக்கள் செய்து விற்கிறது. ஒருநாள் எல்லாவற்றுக்கும் மூளை பிசகி, வீட்டு ஆண்களைக் கொல்லக் கிளம்புகின்றன. தலை: பைக் ஹெல்மெட். வாய் இருக்க வேண்டிய இடத்தில் டேபிள் ஃபேன் கூண்டின் ஒரு துண்டு. கை: தண்ணீர்க் குழாய். மேலே சேலை வேறு. ஒரு ரோபோ படியிறங்கும்போது ஹவாய் செருப்பு தெரிகிறது. நயாஸ் பாய் அங்கேயே நிறுத்தினார். எங்கள் சவுண்ட் இன்ஜினியர், சிவாஜிநகர்க்காரர். "ரோபோக்கும் பாதம் வலிக்கும்லமா, விடு."

அப்புறம் அந்தக் காட்சி. தலைமை ரோபோ ஒரு ஆளின் கழுத்தைப் பிடிக்கிறது. நெரித்துக்கொண்டே சொல்கிறது: "பாகிலு ஹாக்கு. சொள்ளெ பருத்தெ." கதவைச் சாத்து, கொசு வருது.

நயாஸ் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் டீயைக் கீழே வைத்தேன். இரும்புக்கு எதற்குக் கொசுக் கவலை? அது என் வசனம். ஸ்ரீராம்புரம் வீட்டில் சாயங்காலமானால் நான் கத்திய வசனம்.

"டைரக்டர் யாரு பாய்?"

"முரளின்னு யாரோ. ஸ்ரீராம்புரம். நம்ம தமிழ் ஆளுதான், படம் மட்டும் கன்னடத்துல."

முரளி. என் புருஷனாக இருந்தவன். இனி மு. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை தண்டம்.

யாரிடமும் சொல்லவில்லை. இரவு பிரட். பாதி.

ஜூன் 4, புதன்

வெயில். துணி காய்ந்தது. படம் முழுவதும் பார்த்தாயிற்று.

ரோபோ பேசுவதில் என்னுடையவை:

எங்க போற, எப்ப வருவ. இதைக் கேட்டுவிட்டு முதல் கொலை.
சாப்டியா. ஊரே கேட்கிற கேள்வி. ஆனால் ஆள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பது நான் மட்டும்தான். ரோபோவும் அப்படியே கேட்கிறது. கேட்டதும் ஆள் காலி.
கேஸ் ஆஃப் பண்ணியா.
போன எடுத்தா கை ஒடஞ்சிடுமா. (நிஜமாகவே ஒடிக்கிறது.)
கதவு, கொசு.

விஞ்ஞானி ஹீரோவுக்கு மு.வின் தாடி. மு.வின் சட்டை. உலகமே புரிந்துகொள்ளாத உத்தமன். நண்பனிடம் சொல்கிறான்: "அவளுக்கு அழத் தெரியாது. அவ மெஷின்."

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போயிற்று. அந்த வாரமே வேலைக்குக் கிளம்பினேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் கூடத்தில் மு. தன் அக்காவிடம் சொன்னான்: "அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா. அவ மெஷின்." நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கழுவின அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அதை எடுத்து ஹெல்மெட் மாட்டி, சிவப்பு லைட் போட்டு, படமாக்கியிருக்கிறான். சும்மா விடப் போவதில்லை.

வேலையை விடலாம். அவனுக்குத்தான் சௌகரியம். போன் போட்டுத் திட்டலாம். அது எவ்வளவோ செய்தாயிற்று. இல்லை, இந்த வேலையை நன்றாகச் செய்யலாம். செய்வேன்.

ஜூன் 6, வெள்ளி

மின்வெட்டு. மதியத்துக்கு மேல்தான் டப்பிங்.

மனிதர்களுக்கு டப்பிங் எழுதுவது ஒரு தலைவலி. கன்னடத்தில் உதடு மூடும் இடத்தில் தமிழிலும் மூட வேண்டும். ப, ம, வ எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதணும். ரோபோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. உதடே கிடையாது, ஃபேன் கூண்டுதான். நீளம் சரியாக இருந்தால் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம்.

கன்னடத்தில் ரோபோ ஓர் இடத்தில் "யஜமானரே, மன்னியுங்கள்" என்று கும்பிடுகிறது. நான் பேசியது: "ஈரத் துண்ட கட்டில்ல போடாத."

நயாஸ் பாய் ஹெட்போனைக் கழற்றினார். "ஏம்மா, இது ஒரிஜினல்ல இல்லியே?"

"உதடு இல்லியே பாய்."

"யார் மேல இவ்ளோ கோவம்?"

"எல்லா புருஷங்க மேலயும்."

"எங்க வூட்ல கேட்டா உன்ன கட்டி புடிச்சிக்குவா" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சியைப் போட்டார்.

மன்னிப்புக் கேட்கும் இடம் மொத்தம் நான்கு. நான்கையும் எடுத்துவிட்டேன். என் ரோபோ யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

ஜூன் 7, சனி

மேகமூட்டம். பூண்டு, ஊதுபத்தி, செருப்பு தைக்கணும்.

கிளைமாக்ஸ். ஹீரோவுக்குக் குரல் ராபின். பேங்கில் வேலை, சனிக்கிழமை மட்டும் வருவான். ஹீரோவைச் சுவரோடு அழுத்துகிறது ரோபோ. அதை நிறுத்த ஒரே ஒரு ரகசியச் சொல். ஹீரோவின் முகம் திரை முழுக்க. வாயைத் திறக்கிறான். "சாக்கு."

கன்னடத்தில் 'போதும்'. தமிழில் எழுதினால் கோணிப்பை ஆகிவிடுகிறது, என்ன செய்ய.

அந்தச் சொல்லையும் விடவில்லை, பாவி.

கல்யாணமான புதிது. திருப்பத்தூரிலிருந்து வந்த எனக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. அவன் அம்மா சோறு போடுகிறார், இவன் தட்டின் மேல் கையை வைத்து "சாக்கும்மா, சாக்கு" என்கிறான். எனக்குக் கேட்டது 'சாகும்மா, சாகு'. பெற்ற தாயை இப்படியா என்று ஆடிப்போனேன். வீடே ஒரு வாரம் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அவன் "சாக்கு" என்பான், நான் "நீ முதல்ல" என்பேன். எங்களுக்குள் காதல் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான். வேறு யாருக்கும் புரியாது.

கடைசி நாளும் அதைத்தான் சொன்னான். வாசலில் நின்று, பையோடு. "சாக்கு மாலு." அன்றைக்கு அவன் சோற்றைச் சொல்லவில்லை. என் பதில் வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் போனான்.

சரி, வேலை. ராபின் "போதும்" என்று பேசிப் பார்த்தான். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு மூடணும், திரையில் வாய் திறந்தே இருக்கிறது. ஹீரோ சூயிங்கம் மெல்வது போல இருந்தது.

"சாகு-ன்னு சொல்லு ராபின்."

"அக்கா, போதும்னா போதும்தானே? இது செத்துப்போன்னு ஆயிடுதே. அதுவும் சாவுன்னு இல்ல சொல்வாங்க?"

"வ போட்டா உதடு பல்ல தொடும். சாகு. சொல்லு."

சொன்னான். அச்சாகப் பொருந்தியது. ஸ்டெல்லா மேடமே கை தட்டினார்.

அதற்குப் பிறகு ரோபோ சரிந்து விழுகிறது. ஹீரோ முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறான். கன்னடத்தில் அங்கே வசனம் இல்லை. ரோபோ தரையில், ஃபேன் கூண்டு நம் பக்கம்.

நான் மைக் அருகே போனேன். "நீ முதல்ல."

முதல் தடவை கத்திவிட்டேன். "நக்கோம்மா, வேணாம்" என்றார் நயாஸ் பாய், "சண்ட மாதிரி இருக்கு. சும்மா சொல்லு." சும்மா சொன்னேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வது போல. பாய் கட்டைவிரலைக் காட்டினார்.

எத்தனையோ வருடமாகத் தொண்டையில் கிடந்தது. வெளியே வந்தாயிற்று.

ஜூன் 9, திங்கள்

மழை. பஸ்ஸில் ஒரு பெண் போனில், "வர்றேன்னு சொன்னேன்ல, சும்னே சும்மா உயிர வாங்காத!" எதிர்முனையில் அவள் அம்மாவாக இருக்கும்.

நயாஸ் பாய் என் குரலை இரும்பாக்கிவிட்டார். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

ஸ்டெல்லா மேடத்துக்குக் கலக்கம். "துண்டு டயலாக் ஓகே. ஆனா அந்த கடைசி வார்த்த... காலியா இருந்த எடத்துல நாமளா சேத்திருக்கோம். டைரக்டர் ஒத்துக்கணும் மாலு. வேணாம்னா தூக்கிடணும், அக்ரிமென்ட்லயே இருக்கு. புதன்கிழம வர்றாரு."

அப்படியானால் புதன்கிழமை நானும் இருப்பேன். வேறு எது போனாலும் போகட்டும், அந்த இரண்டு வார்த்தை படத்தில் இருக்கணும். தியேட்டரில் அவன் காதில் விழணும்.

நீலச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை.

மு. வந்தான். தொப்பை விழுந்திருக்கிறது. மனதார சந்தோஷம்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குரல் அறையில், விளக்கை அணைத்துவிட்டு. அங்கே இருப்பவர்களுக்கு நான் தெரிய மாட்டேன். எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

ஈரத் துண்டு வந்தபோது தொடையில் தட்டிச் சிரித்தான். "டயலாக் யாரு மேடம்? சக்கத்தா இருக்கு, சூப்பர்!" தன் துண்டே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த ஓர் இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. ஆத்திர அழுகை.

கிளைமாக்ஸ். "சாகு." தலையை ஆட்டி ரசித்தான். ரோபோ விழுந்தது. ஹீரோ நடந்தான்.

"நீ முதல்ல."

சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க." போட்டார்கள். "இது யாரு வாய்ஸ்?"

ஸ்டெல்லா மேடம் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். நான் விளக்கைப் போட்டேன்.

"மாலு" என்றான். நயாஸ் பாய் அவசரமாக என் மைக்கைத் திறந்துவிட்டார்.

"இத எடுத்துடு மாலு."

"ஏன்?"

"ரோபோ ஆஃப் ஆயிடுச்சி. ஆஃப் ஆனது எப்டி பேசும்? லாஜிக் இல்ல."

"இரும்ப கொசு கடிக்குமா? அது என்னா லாஜிக்?"

பாய்க்கு இருமல் வந்துவிட்டது. மு. அவரைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான். "அது கதைக்கு வேணும்."

"எங்க போற, எப்ப வருவ, கேஸ் ஆஃப் பண்ணியா, சாப்டியா. எல்லாம் என்னுது. அத்தனையும் எடு. இதயும் எடுத்துடறேன். அப்புறம் ஊமை ரோபோவ வச்சி படம் ஓட்டு."

"முரளி சார், இவங்கள உங்களுக்கு..." என்று ஆரம்பித்த மேடம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட மெஷின்னு சொன்னியே. அரிசி களஞ்சிக்கிட்டு இருந்தேன். கேட்டுச்சி."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் சுருங்கியதை நன்றாகப் பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். இத்தனை வருடம் காத்திருந்தது அதற்குத்தான், பொய் சொல்ல மாட்டேன்.

"இருக்கட்டும்" என்றான், யாரையும் பார்க்காமல். கையெழுத்துப் போட்டான். எழுந்து போனான். படியில் காலடிச் சத்தம். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"கதவ சாத்திட்டு போ. கொசு வருது."

பாய் அதற்குள் இரும்புக் குரலைப் போட்டுவிட்டிருந்தார் போல. ஸ்பீக்கர் அதிர்ந்தது, படி வரைக்கும் கேட்டிருக்கும். காலடிச் சத்தம் நின்றது. ஏறி வந்தான். சாத்திவிட்டுப் போனான்.

மேடம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "டீ போடறேன்" என்று கீழே இறங்கிவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

பிசுபிசு தூறல். படம் வந்தது, போயும் விட்டது. ஆனால் அந்தக் கடைசித் துண்டை மட்டும் யாரோ வெட்டிப் போட்டு, எல்லார் போனிலும் ஓடுகிறது. ஹீரோ சாகு என்கிறான், ரோபோ நீ முதல்ல என்கிறது. கன்னடக்காரர்கள்கூடத் தமிழில்தான் பார்க்கிறார்களாம். பேட்டி ஒன்றில் அந்த வசனம் எப்படிப் பிடித்தீர்கள் என்று மு.வைக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தானாம். நயாஸ் பாய் அந்த இடத்தை எனக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினார். மூன்றாம் முறை நானே போட்டுக்கொண்டேன்.

மதியம் ஹோட்டலில் சாப்பாடு. பக்கத்து மேஜையில் ஒரு சின்ன ஜோடி, புதுத் தாலி. சர்வர் சாம்பார் வாளியோடு வந்தார். அந்தப் பையன் தட்டின் மேல் கையை வைத்து "சாக்கு" என்றான். அவள் உடனே, "நீ முதல்ல." இரண்டு பேரும் தோளில் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சர்வரும் சிரித்தார்.

அவனைக் குத்தத்தான் அதைப் பேசினேன். இவர்கள் அதை வைத்து விளையாடுகிறார்கள். கோபப்படலாமா என்று யோசித்தேன், வரவில்லை.

சர்வர் என் மேஜைக்கு வந்தார். சாம்பார் ஊற்றினார். இன்னும் ஊற்றினார்.

"சாக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தேன்.