முழுநேரத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி

உன் மகள் நேற்று வந்து போனாள். எம்.பி.ஏ. சேர வேண்டுமாம். முழுநேரமா, வேலையோடு படிப்பதா, ஆன்லைனா என்று கேட்டாள். போகும்போது, "அப்பா பெட்டியில இருந்துது மாமா, உங்க கையெழுத்து மாதிரி இருக்குது" என்று ஒரு பழைய காலண்டர் தாளைக் கொடுத்தாள். அதற்குள் மடித்து ஒரு கடிதம். படித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

அந்தத் தாளை மறந்திருக்க மாட்டாய். எண்பதுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டுச் செஞ்சியில் நாம் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். என் நைனாவுக்குக் கை கால் விழுந்து ஆறு மாதம். அவருடைய உரக்கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து, எம்.பி.ஏ. படிக்க என்னென்ன வழி என்று அந்தத் தாளில் நம் இருவர் பெயரையும் எழுதி நான் கட்டம் போட்டேன். முதலில் மெட்ராஸில் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. ஹாஸ்டல்வாசம், முடித்தால் கம்பெனிக்காரனே தேடி வருவான். அடுத்தது மூன்று வருட மாலைக் கல்லூரி. பகலில் அங்கேயே ஒரு வேலை வேண்டும், ஐந்தரைக்கு வேலை விட்டு ஆறு மணிக்கு வகுப்பு. கடைசியில் தபால் வழி; பாடம் வீட்டுக்கு வரும், சந்தேகம் வந்தால் நாமே சமாளிக்க வேண்டும். "தபால்ல வர்றது இன்னா டிகிரிடா?" என்று உள்ளே கட்டிலில் இருந்தபடி நைனா குழறலாகக் கேட்டார். இருவரும் சிரித்தோம்.

உங்கள் ஜைன வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டீர்கள். நம் ஊரில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சைக்கிளை மிதிப்பாய். மெட்ராஸில் மலை இல்லை, உனக்கு அரை மணி கூடக் கிடைக்கும் என்று கிண்டல் செய்தவன் நான்தான். அதே நான், ஹாஸ்டலில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று விவரப் புத்தகத்தில் பார்த்ததும், முழுநேரத்தில் உன் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். மாலைக் கல்லூரிக்கும் ஒன்று. தபாலுக்கு மட்டும் டிக். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ தாளை வெகுநேரம் பார்த்தாய். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவன், அன்றைக்கு உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் சொன்னாய்: "நான் தபால்லயே படிச்சிக்கிறேன். கடைய நான் தெறக்கிறேன். நீ போடா."

போனேன். இரண்டு வருடம் நீதான் கடையைத் திறந்தாய். உரம் வாங்க வரும் வல்லத்துக்காரர்கள் அதை உன் கடை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உன் பாடப் புத்தகங்கள் பொட்டாஷ் மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. நடவு சமயத்தில் உன் கடைசிப் பரீட்சை வந்தது. யூரியா லாரி வருகிற வாரம் என்று நீ போகவே இல்லை. அதையும் நைனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் எழுதலாம் என்றாய். எழுதவில்லை.

தாளுக்குள் மடித்திருந்த அந்தக் கடிதம் ஹாஸ்டலிலிருந்து உனக்கு வந்தது. ஜைன மாணவர்களுக்கு மாலை ஐந்தரைக்கே தனியாக உணவு தருகிறோம் என்று இரண்டே வரி. செஞ்சித் தபால் முத்திரை, நான் தாளில் எழுதிய தேதிக்கு இரண்டு நாள் முந்தையது. நான் கட்டம் போட்டபோது அது உன் சட்டைப்பையில்தான் இருந்திருக்க வேண்டும். எடுத்துக் காட்டியிருந்தால் என்னடா?

நாளைக்கு உன் மகள் பதில் கேட்பாள். படிப்புகளை ஒப்பிட்டுச் சொல்லிவிடுவேன், அது எனக்குக் கைவந்த வேலை. இந்தத் தாளில் ஏன் அவள் அப்பாவுக்கு மட்டும் பெருக்கல் என்று கேட்டால்தான் பயம்.

கோபம் உன்மேல் என்று மேலே எழுதியது பொய். காலேஜில் உன்னை ஒரு தடவைகூட நான் முந்தியதில்லை. நீயும் நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தால் அந்த இடம் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்? அந்தக் குறியைப் போட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்ததுடா.