வெண்டெல் இல்லாத வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, சிக்னே எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? துலூத்தில் பனி விட்டதா? லாஸ் ஏஞ்சலிஸில் நான் நலம்.

நீங்கள் விடாமல் பார்க்கும் நகைச்சுவைத் தொடரை உருவாக்கிய வெண்டெல் விலகி, எழுத்துப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், வெறும் திட்டுதான். வெள்ளிக்கிழமை படப்பிடிப்பைப் பார்க்க வந்த ஒரு அம்மாள், "வெண்டெல் இல்லாமல் சிரிக்க மாட்டேன்" என்று எழுதிய சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் காட்சியில் கிழவர் டாக்டரிடம், "காது நல்லாத்தான் கேக்குது. கேக்குற மாதிரி யாரும் பேசுறதில்ல" என்றார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார், அரங்கமே சேர்ந்துகொண்டது. முடிந்ததும் என்னைத் தேடி வந்து, "வெண்டெல் ஒளிஞ்சிருந்து எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, எங்கப்பா டாக்டர்கிட்ட சொன்னது."

"அப்ப அவரையும் வேலைக்கு வச்சுக்கோ!"

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஊர் ஏரியில் விளையும் காட்டரிசி ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருக்கின்றன. சமைத்தால் பொழுது போகும். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். அடுத்த மாதம் ஒளிபரப்பாகும்போது பாதியில் எழுந்துவிடாதீர்கள் அப்பா. கடைசியில் எழுதியவர் என்ற இடத்தில் நம் குடும்பப் பெயர் வரும்.

உங்கள் மகள்,
சிக்னே