கொழுந்தை மெதுவாகப் பறிக்காத பிள்ளைகள்

என்னங்க, கேட்கிறதா?

இத்தனை வருடத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. இந்தக் கடிதத்திலும் வரவில்லை. ஆகவே என் அன்பான 'என்னங்க'வுக்கே எழுதுகிறேன்.

நாளை உங்கள் வருடத் திதி. நம் மகள் பிரியா மாப்பிள்ளையோடு பதுளையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள். வாழைக்காயும் பூசணியும் வாங்கி வைத்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்த நெத்தலிக் கருவாடு திதிக்கு ஆகாதாம், பக்கத்து வீட்டு மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேதி ஒன்று இருக்கிறது. உங்கள் ஆங்கில வகுப்பு இப்போது என் தலையில். "புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார் பள்ளிக்கூடத்து அதிபர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. நான் கணக்கு டீச்சர். எனக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன உறவு? நீங்கள் என் புருஷன் என்பதைத் தவிர?

தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் ஏறும் அந்த ஏற்றம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது. நீங்கள் விறுவிறுவென்று முன்னால் போய், வளைவில் நின்று, "வா புள்ள, மணி அடிச்சிருவாங்க" என்பீர்கள். "மெதுவா போங்களேன், மலை எங்கயும் ஓடிறாது" என்று நான் கீழே இருந்து கத்துவேன். இப்போது வளைவில் யாரும் இல்லை. மூச்சு வாங்குகிறது, முழங்கால் நோகிறது. அலுத்துப் போய்விட்டதுங்க.

நாம் சேர்ந்து கேட்ட இடமாற்றம் எனக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. பதுளை டவுனில், பிரியா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். தையில் போய்ச் சேரலாம். "போதும்மா, வந்துருங்க" என்று பிள்ளை தினமும் போனில் கெஞ்சுகிறாள். இங்கே அதிபரோ, "நீங்களும் போயிட்டா அந்தப் பாடத்தையே நிப்பாட்டணும்" என்று முகத்தைத் தொங்கப் போடுகிறார். நாளை பிரியாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் ஏழாம் வகுப்புக்கு வினையடை நடத்தினேன். ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று சொல்லும் சொல் என விளக்கி, ஸ்லோலி, குயிக்லி, கெயார்புலி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "விளங்கிச்சா?" என்றேன். "விளங்கிச்சு டீச்சர்!" என்று கூரை அதிரச் சொன்னார்கள். சரி, ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கள் என்றதும் எல்லாத் தலையும் குனிந்துவிட்டது. எனக்கு வெண்கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் உங்கள் பெரட்டு விளையாட்டு ஞாபகம் வந்தது. காலையில் வேலைக்கு அனுப்பும் முன் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அப்படிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவீர்கள். நீங்கள்தான் கங்காணி. ஒரு வேலையையும் அதைச் செய்யும் விதத்தையும் ஆங்கிலத்தில் சொல்வீர்கள். பிள்ளைகள் அதைச் செய்து காட்டி, வசனமாகவும் சொல்ல வேண்டும். ஒரே மண்டபம், நடுவில் ஒரு பலகைத் தட்டி. இந்தப் பக்கம் என் கணக்கு வகுப்பு நாசமாய்ப் போகும். வீட்டுக்கு வந்து எத்தனை சண்டை! இப்போதும் சொல்கிறேன், அது காட்டுக் கூச்சல்தான்.

வெட்கத்தை விட்டு நானும் கங்காணி ஆனேன். கெயார்புலி கூட்டு என்றேன், மூலைமுடுக்கெல்லாம் கூட்டினார்கள். குயிக்லி நட என்றேன், பறந்தார்கள். ஸ்லோலி கொழுந்து பறி என்றேன். கைகள் படபடவென்று போயின. மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே வேகம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்லோலின்னா என்னா?"

"மெதுவா, டீச்சர்!"

"அப்புறம் ஏண்டி இந்தப் பறி பறிக்கிறீங்க?"

முன்வரிசைச் சங்கீதா கையை நிறுத்தாமலே சொன்னாள்: "மெதுவா பறிச்சா அரப்பேருதான் போடுவாங்க டீச்சர். நேத்தும் எங்கம்மாவுக்கு அரப்பேருதான்."

கொழுந்து எடை குறைந்தால் அரைநாள் சம்பளம். எனக்குத் தெரியாததா? நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தானே. என் அம்மாவின் கை கொழுந்தில் மெதுவாகப் போய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு எந்த வாயால் அந்தப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டேன்?

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கேட்ட உங்கள் குரல் அப்போது ஞாபகம் வந்தது. விளையாட்டை நீங்கள் எப்போதும் ஒரே மாதிரித்தான் முடிப்பீர்கள். "வேல முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போவோம், ஸ்லோலி." சொல்லிவிட்டுப் பிள்ளைகளை முற்றத்தைச் சுற்றிக் கூட்டிப் போவீர்கள். பாட நேரத்தில் என்ன ஊர்வலம் என்று நான் கேட்டதற்குச் சிரித்தீர்களே தவிர, காரணம் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்களா? 'மெதுவாக' என்பதைக் காட்ட உங்களுக்கும் வேறு வேலை கிடைக்கவில்லையா?

நானும் அதையே சொன்னேன். முற்றத்தைச் சுற்றி நடந்தோம். ஒரு பிள்ளையும் என்னை முந்தவில்லை. என் முழங்காலுக்கு அந்த நடை இதமாக இருந்தது. பாதிச் சுற்றில், யாரும் கேட்காமலே, "வீ ஆர் கோயிங் ஹோம் ஸ்லோலி" என்றாள் சங்கீதா. பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல காலம், பிள்ளைகளுக்கு என் முதுகுதான் தெரிந்தது.

ஆகவே நாளை பிரியாவிடம் சொல்லப் போகிறேன், புது ஆள் வரும்வரை நான் வரவில்லை என்று. கத்துவாள், கத்தட்டும். இதை விட்டால் மறுபடி இடமாற்றம் கிடைக்குமோ என்னவோ. மனம் நிறைந்தெல்லாம் சொல்லவில்லை, களைப்போடுதான் சொல்கிறேன்.

உங்களுக்கு நடையிலும் அவசரம், போனதிலும் அவசரம். அன்று காலை ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டீர்கள். இப்போதும் ஏதாவது ஒரு வளைவில் நின்று "வா புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். கூப்பிடாதீர்கள். இங்கே வேலை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் வருகிறேன், சத்தியமாக வருகிறேன். ஆனால் மெதுவாகத்தான் வருவேன்.

வளைவுக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்கி நிற்கும்
உங்கள் வீட்டுக்காரி,
ராஜேஸ்வரி