பீரோவுக்குப் பின்னால் இருந்த விரிசல்

இன்று காலை எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் காரமான வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு நீயும் வந்துவிட்டாய். தலையில் பழைய துண்டு, முழங்கை வரை வெள்ளை, ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூடத்து ஸ்டூல் மேல் நின்றுகொண்டு என்னை அதட்டுகிறாய்.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த கொஞ்ச காலத்தில் நடந்தது அது. கன்னட ராஜ்யத்தில் சேர்ந்த ஊரில் நம்முடையது ஓட்டுக் கூரை போட்ட சின்னத் தமிழ்ப் பள்ளி; நீயும் நானும் அங்கே டீச்சர்கள். மில்லுக்கும் முனிசிபாலிட்டி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் படித்தார்கள். கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று சர்க்கார் இன்ஜினீயர் வந்து பார்த்துச் சர்டிபிகேட் கொடுத்தால்தான் பள்ளி நடக்கலாம் என்று உத்தரவு வந்தது. "இந்த ஊர்ல தமிழ்ப் பள்ளி ஒண்ணை மூடினா மறுபடி திறப்பாங்களாம்மா?" என்று ஹெட்மாஸ்டர் கையைப் பிசைந்தார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தைக் கல்யாண வீடாக்கிவிட்டார்.

சுண்ணாம்பில் நீலம் கலந்தது நீ. கை தாராளமாகிப்போய், இரண்டாம் வகுப்பு அறை கிருஷ்ணர் நிறத்துக்கு வந்துவிட்டது. "பரவாயில்லை சரோஜா, உங்க சாமி கலர்தானே" என்று காக்ஸ் டவுன் சர்ச்சில் பாடுகிறவளான நீ சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.

மூன்றாம் வகுப்பு அறைச் சுவரில் மேலிருந்து கீழே விரிசல் ஓடியது. ஹெட்மாஸ்டர் சொன்னபடி பீரோவைத் தள்ளிக்கொண்டுபோய் அதை மறைத்தது நாம் இருவரும்தான். தேர் இழுக்கிறவள் மாதிரி நீ குரல் கொடுத்தாய். மேலே எட்டிப் பார்த்த மிச்ச விரிசலுக்கு இந்தியா மேப்பு. அதை மாட்ட நீ ஆணி அடித்தபோது, உத்தரத்திலிருந்து உன் தலையில் பொடி கொட்டியது.

"யாருடி அது, எனக்கு இப்பவே நரை வரவைக்கிறது?" என்று சிரித்தபடி அண்ணாந்து பார்த்தாய். உத்தரத்தை விரலால் அழுத்தினாய். விரல் உள்ளே போயிற்று. கரையான்.

அன்று பஸ் வரும்வரை நீ வாய் திறக்கவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

இன்ஜினீயர் வந்த காலையில் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னாய். "நான் ஏதாவது சொன்னா, நீ என் பக்கத்துல வந்து நில்லு."

தொப்பியும் கைத்தடியுமாக வந்த கன்னடக்காரர் அவர். நீல அறையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மேப்பை மெச்சினார். காபி குடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நீ முன்னால் போனாய்.

"ஒந்து நிமிஷ, சார். ஈ பீரு ஸ்வல்ப சரிசி நோடி."

பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள் என்கிறாய்! சொல்லி வைத்தபடி நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். விரிசலைப் பார்த்தவர், கைத்தடியால் உத்தரத்தைக் குத்தினார். புட்டில் குத்தியதுபோல இறங்கியது.

"பள்ளியை மூடினா உன் வேலை போகுமே, தெரியுமா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வேலை போனா வேற தேடிக்கலாம் சார். பிள்ளைங்களை எங்க போய்த் தேடறது?" என்று நீயும் கன்னடத்திலேயே சொன்னாய்.

அவர் பேனாவை மூடினார். பிறகு ஹெட்மாஸ்டரிடம் திரும்பி, உடைந்த தமிழில், "இந்த ரூம் மட்டும் பூட்டுங்க. பள்ளி நடக்கட்டும். ரிப்பேருக்கு நான் எழுதறேன்" என்றார்.

பள்ளி பிழைத்தும் ஹெட்மாஸ்டருக்குக் கோபம் தீரவில்லை. முற்றத்துப் புங்க மரத்தடியில் நீ மூன்றாம் வகுப்பை நடத்தினாய். அவர் வானத்தைப் பார்த்தபடி உன்னைக் கடந்து போவார். "மழை வருமான்னு பார்க்கிறார் பாவம்" என்பாய் நீ.

மழை வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் நீல அறைக்குள் அடைத்து நீ பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பூட்டிய அறையில் இடி விழுந்ததுபோலச் சத்தம். உத்தரமும் ஓடுகளும் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் குவிந்து கிடந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார் ஹெட்மாஸ்டர். பிறகு குடைகூட இல்லாமல் தெருவுக்குப் போனவர், சூடான மசால் வடைப் பொட்டலத்தோடு திரும்பினார். முதல் வடையை உன்னிடம் நீட்டி, "சாப்பிடும்மா" என்றார். அவ்வளவுதான். உனக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் அவர் பண்ணியதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. இன்ஜினீயரை மூலை மூலையாக இழுத்துப்போய், "இதையும் பாருங்க சார், இங்கேயும் விரிசல்" என்றார். "மேஷ்ட்ரே, அது ஒட்டடை" என்றார் இன்ஜினீயர். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாய்.

யார் எதைப் பார்க்க வந்தாலும் மோசமானதை முதலில் காட்டிவிடுவது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். நீ போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். பஜ்ஜித் தட்டு வருவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "இவளுக்குச் சமையல் வராது. கோபம் வரும். காலையில எழுந்திருக்க மாட்டா." என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கிவிட்டார். பிள்ளையின் அம்மா என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என் பையன் குறட்டை விடுவான்" என்றாள்.

அங்கேயே கல்யாணம் நிச்சயமாயிற்று.