துவாலுவுக்கு எதிராக ஒரு ஜெபம்

இர்விங், டெக்ஸஸ்
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் ஜோவானாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும், நீ நிற்கிற தரையும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தரையையும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் முடியாது. போனில் நான் அழுதுவிடுவேன், நீ இங்கிலீஷுக்கு மாறிவிடுவாய், பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது.

வீட்டுச் செய்தி முதலில். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, நடக்கப் போகச் சொன்னால் வெயில் என்கிறார், வெயில் உண்மைதான், செப்டம்பர் பாதியிலும் கார் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. ஏப்ரலில் ஆலங்கட்டி விழுந்து உடைந்த கூரையை ஒருவழியாக மாற்றிவிட்டோம். அன்றைக்கு டொர்னாடோ சைரன் ஊதியதும் அப்பாவும் நானும் ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறைக்குள் போய்த் தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிஷம். உனக்குச் சொல்லவில்லை. பயந்துவிடுவாய் என்று. யார் யாருக்குப் பயப்படுவது பார்.

இனி உன் கேள்வி. நவம்பரோடு உன் இரண்டு வருஷ வேலை முடிகிறது. பசிபிக் தீவின் கடற்கரையில் புது நிலம் எழுப்புகிற அந்த வேலைக்கே இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும். "நீ வேண்டாம்னு சொன்னா வந்துடறேம்மா" என்றாய். முடிவைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாய். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த ஜெபக் குறிப்பைப் பற்றிக் கேட்டாய். சண்டை வந்தது. மூன்று வாரம் நான் பேசவில்லை.

நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். யாருக்கு என்ன கவலை என்றாலும் ரெபெக்கா ஆன்ட்டியிடம் ஒரு வரி எழுதிக் கொடுப்போம், அவர் அதைப் பட்டியலில் சேர்த்துச் சனிக்கிழமை வாட்ஸப் குழுவில் போடுவார், நாற்பது குடும்பமும் வாரம் முழுக்க அதற்காக ஜெபிக்கும். கிரீன் கார்டு, முழங்கால் ஆபரேஷன், வரன், வேலை. நீ விமானம் ஏறிய வாரம் நானும் ஒரு வரி கொடுத்தேன். மூழ்கிக்கொண்டிருக்கும் தீவிலிருந்து என் மகளை ஆண்டவர் சீக்கிரம் வெளியே கொண்டுவர. அவ்வளவுதான் வரி. ரெபெக்கா ஆன்ட்டி பழையதை எடுக்கும்போதெல்லாம் நான் மறுபடி கொடுக்க, இருபத்திரண்டு மாதம் பட்டியலில் நின்றது. நீ இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்பதே எனக்கு மறந்துபோனது. நீயும் அந்தக் குழுவை மியூட்டில் போட்டு வைத்திருந்தாய், ஒரு மழை நாளில் சும்மா திறந்து பார்த்தாய். என்ன கேட்டாய் என்று அப்படியே எழுதுகிறேன், அப்படியே என் காதில் இருக்கிறது. "அம்மா, இங்கயும் ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெள்ளை போட்டுட்டு சர்ச்சுக்குத்தான் போறாங்க. நானும் போறேன். இந்தத் தரை நிக்கணும்னு கேக்கிறாங்க. அங்க நாப்பது ஃபேமிலி உக்காந்து, இது மூழ்கட்டும், எங்க பொண்ண மட்டும் எடுத்துடுன்னு கேக்கிறீங்க. ஒரே ஆண்டவர்தானே? யூ ஆர் பிரேயிங் அகைன்ஸ்ட் எ கன்ட்ரி, அம்மா." பெற்றவளுக்குக் கேட்க உரிமை இல்லையா என்று கத்திவிட்டு வைத்தேன். கத்தினது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் வரைக்கும்.

மூன்றாம் நாள் அந்த வரியை எடுத்து வாசித்தேன். துவாலு என்ற பெயரே அதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், யாரிடமும் நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மூழ்கும் தீவு. அவ்வளவுதான். நோயாளி ஒருவரைப் பெயர் சொல்லாமல், அவர் காதுபடவே, சாகப்போகிறவர் என்று கூப்பிடுகிற பெண்பிள்ளையைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள்? அந்தப் பெண்பிள்ளை நான். நீ ஒவ்வொரு வாரமும் அந்த நாட்டைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாய். விமானம் வராத சாயங்காலங்களில் ஓடுதளத்தில் வாலிபால் விளையாடுகிறார்கள் என்றாய். உன் வீட்டுக்காரம்மா பின்கட்டில் சீமைப்பலாக் கன்று நட்டிருக்கிறார், காய்க்க வருஷக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தே நட்டிருக்கிறார் என்றாய். கடல் நிலத்தை எடுத்துக்கொண்டாலும் இது என்றைக்கும் நாடுதான் என்று அவர்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள் என்றாய். நான் உடனே, சாப்பிட்டியா மக்களே, என்று கேட்டேன். இருபத்திரண்டு மாதமும் அதையேதான் கேட்டேன்.

போன வெள்ளி சாயங்காலம் சைலஸ் அங்கிள் வீட்டில் ஜெபக் கூட்டம். பாட்டு முடிந்தது. ரெபெக்கா ஆன்ட்டி பட்டியலை வாசித்தார், என் வரி வந்தது, அக்கா அத எடுத்துடுங்க என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்தோத்திரம்! பொண்ணு வந்தாச்சா? அப்ப ஸ்தோத்திரப் பக்கத்துக்கு மாத்திடறேன்." வரல, ஆனா எடுத்துடுங்க என்றேன். "வராம எப்படி ராணி எடுக்கிறது? எங்கிட்ட ரெண்டே தலைப்புதான் இருக்கு. வேண்டுதல், ஸ்தோத்திரம். ரெண்டுலயும் சேராதத நான் எங்க கொண்டு வைக்க?" தப்பா கேட்டுட்டேன்னு ஒரு தலைப்பு போடுங்கக்கா என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்பா கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைலஸ் அங்கிள் விடுவாரா. "நோவா என்ன சுவரா கட்டினான்? கப்பல்லா கட்டினான். தண்ணி வருதுன்னா ஏறிடணும். இதுல என்ன வீரம் வேண்டியிருக்கு?" நான் சொன்னேன். "அண்ணே, இப்ப அந்தக் கப்பல் நம்ம டிரைவ்வேலதான் நிக்குது. பெட்ரோல் எரிச்சு மழையக் கொண்டுவந்தவனுக்குத்தான் அதுல சீட்டு." அவர் சளைக்கவில்லை. "அவங்களே ஆஸ்திரேலியா விசாவுக்கு அப்ளை பண்ணிட்டு நிக்கிறாங்க, பாதி நாட்டுக்கு மேல பேர் குடுத்தாச்சுன்னு நியூஸ்ல போட்டான். அவங்களுக்கே நம்பிக்கை இல்ல, உம்ம மவளுக்கு என்ன?" நீங்க கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிப் பதினாலு வருஷம் ஆச்சே அண்ணே, அதுக்காக நாகர்கோவில் முடிஞ்சுபோச்சா, என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார், மனுஷன் நல்லவர்தான், ஆனால் கடைசியாக ஒன்றை எடுத்து வைத்தார். "எழுவது வருஷத்துல மேப்லயே இருக்காதும்மா." எழுவது வருஷத்துல இந்த ரூம்ல ஒருத்தரும் இருக்கமாட்டோம், அதுக்காக இன்னைக்கே நம்மள காலி பண்ணச் சொன்னா போவீங்களா, என்று கேட்டேன். ஏப்ரல்ல எல்லாரும் பாத்ரூம்ல ஒளிஞ்சோம், மறுநாள் டெக்ஸஸ் அவ்வளவுதான்னு யாராவது சொன்னாங்களா, கூரைக்காரனத்தான கூப்பிட்டோம், அவங்களும் அதத்தான் பண்றாங்க, நமக்குக் கூரை, அவங்களுக்குத் தரை, என்றேன். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. வியர்த்திருந்தது.

ரெபெக்கா ஆன்ட்டிதான் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, சரி புதுசா என்ன எழுத, என்றார். துவாலு நாடு நிலைத்திருக்க, என்றேன். எழுத்து எப்படி என்று கேட்டு எழுதினார். "இத எதுவரைக்கும் வெச்சிருக்கணும் ராணி? அதுக்குத்தான் கேக்கிறேன், மூணு மாசத்துக்கு ஒருக்கா பழசெல்லாம் எடுத்துடுவேன்." நாம எல்லாம் போனப்பறமும் இருக்கட்டும்க்கா என்றேன். அவர் பட்டியலின் முதல் வரியாக அதைப் போட்டார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் அப்பா சொன்னார். "பன்னெண்டு வருஷமா நான் எண்ணெய்க் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுறேன். கடல் ஏறுறதுல என் கையும் இருக்கு. அவ அங்க மண்ணு கொட்டுறா. ஒண்ணுக்கொண்ணு ஈடாகாது. ஆனா அவள வான்னு சொல்ல எனக்கு வாய் வரல." அப்பா இவ்வளவு பேசி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் அதே வேலைக்குப் போவார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பதில் இது. நீ அங்கேயே இரு. மூன்று வருஷமும் இரு. யார் கேட்டாலும், அம்மா அனுமதித்தாள் என்று சொல்லாதே, அம்மா அனுப்பினாள் என்று சொல். பயம் போகவில்லை. புயல் செய்தி வந்தால் முதலில் உன் தீவு எங்கே என்றுதான் தேடுவேன், அதை நிறுத்த என்னால் ஆகாது. பெரிய அலை நாளில் வீம்புக்குக் கரையில் நிற்காதே, சொன்ன உடனே உயரமான கட்டிடத்துக்குப் போ. நாட்டுக்காக நிற்பது வேறு, அலைக்கு முன்னால் நிற்பது வேறு. வெயிலில் தொப்பி. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கம் சொல், கன்றுக்கு வேலி போட்டாரா என்று கேள்.

கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். இங்கிருந்து ஃபிஜிக்கு நேராக விமானம் இருக்கிறதாம், அங்கிருந்து சின்ன விமானமாம், அப்பா பார்த்து வைத்துவிட்டார். அந்த ஞாயிறு எனக்கு ஒரு வெள்ளை உடுப்பு வாங்கி வை. உன் பக்கத்தில், அவர்கள் நடுவில், நான் உட்கார வேண்டும். அவர்கள் கேட்பதையே நானும் கேட்க வேண்டும். மொழி தெரியாது. ஆமென் தெரியும்.

ஆண்டவர் உன்னையும் உன் கையால் எழும்பும் மண்ணையும் காப்பாராக. மறக்காமல் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடு.

முத்தங்களுடன்,
உன்னை அனுப்பியவள்,
அம்மா ஜெபராணி ரூஃபஸ்